ஜீப் படுதா ஒழுகினால், காப்பித் தார்ப்பாய் கிழிந்தால்: கித்தான் தையலில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழியும்

ஏற்காட்டில் கித்தானுக்கு, அதாவது கெட்டியான கான்வாஸ் துணிக்கு, எதிரிகள் அதிகம். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, இரண்டுக்கும் நடுவில் மூடுபனி, அறுவடை முடிந்ததும் சுள்ளென்று வெயில். என்னிடம் ஒரு பழைய ஜீப்பின் கூரைப் படுதா, காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷினை மூடும் உறை, காப்பி காயவைக்கும் களத்துக்கு இரண்டு தார்ப்பாய் இருக்கின்றன. எல்லாம் நானே தைத்தவை. தைத்த நேரத்தைவிடப் பிரித்துத் தைத்த நேரம்தான் அதிகம். கடலோரத்தில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் படகுக்கு உறை தைப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். அவர்களுக்கு உப்புக் காற்று, நமக்கு மூடுபனி.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் லாரித் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். கிழிந்த படுதாவை முதன்முதலாக அவரிடம் விரித்துக் காட்டியபோது ஓட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓட்டை எங்கீங்க போயிரப் போகுது தம்பி? ஓட்டை போட்டது எதுன்னு மொதல்ல பாருங்க" என்றார். வண்டிக் கம்பியைத் தடவிப் பார்த்ததில் ஒரு போல்ட் முனை கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. அதை ராவிய பிறகுதான் ஒட்டுப் போட விட்டார். கீழே வரும் ஒவ்வொரு கோளாறுக்கும் அந்தக் கேள்வியைத்தான் நான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

ஊசியை எடுக்கும் முன்: செத்தது நூலா, துணியா?

வெயில் நேராக விழும் இடத்தில், கூரையின் மேல்பக்கத் தையல் ஒன்றில், கட்டைவிரல் நகத்தை அழுத்திக் குறுக்கே இழுங்கள். நூல் பொட்டென்று அறுந்தால் அதன் கதை முடிந்துவிட்டது. அந்த ஒரு இடத்தில் மட்டும் அல்ல, அதே நாளில் அதே நூலில் தைத்து, அதே வெயிலைக் குடித்த எல்லா வரிசைகளும் அப்படித்தான் இருக்கும். விட்டுப்போன நான்கு அங்குலத்தை மட்டும் தைத்துவிட்டு வந்தால், அடுத்த வாரம் பக்கத்து நான்கு அங்குலம் விடும்.

அடுத்தது துணி. ஊசி முனையால் நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு இழையையும் குறுக்கே ஓடும் ஒரு ஊடை இழையையும் நெம்பிப் பாருங்கள். நல்ல துணியில் இழை வளைந்து கொடுக்கும். செத்த துணியில் முறுக்கு போல உடையும். செத்த துணியில் ஒட்டுப் போடுவது வீண் வேலை. ஒட்டு கெட்டியாக இருக்கும், அதன் ஓரத்தை ஒட்டி அடுத்த காற்றில் கிழியும். அப்படிப்பட்ட படுதாவில் மடிப்புக்குள் இருந்து வெயில் படாத துண்டுகளை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுத்துணிக்கு ஆகும்.

நூல் மட்டும்தான் போயிருக்கிறது என்றால் பாதி வேலை மிச்சம். பழைய தையலைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் துண்டுகள் நழுவி அளவு மாறிவிடும். பழைய வரிசைக்கு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் புது வரிசை ஓட்டினால் போதும்.

எந்த நூல்? பருத்தி நூல் இந்த ஈரத்தில் மக்கும். நைலான் வலுவானது, ஆனால் இழுபடும், வெயிலில் பாலியஸ்டரைவிடச் சீக்கிரம் கெடும். ஆகவே பாலியஸ்டர். கடையில் கொடுக்கும் நூல் பருத்தியா, செயற்கையா என்று சந்தேகம் இருந்தால் ஒரு முழம் வாங்கித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். நைலானும் உருகும் என்பதால் அந்த இரண்டையும் பிரித்தறிய இந்தச் சோதனை உதவாது, அதற்குக் கண்டின் மேல் உள்ள சீட்டைத்தான் பார்க்க வேண்டும். நான் ஒருமுறை சீட்டு இல்லாத கண்டை "கெட்டி நூலுங்க" என்ற வார்த்தையை நம்பி வாங்கினேன். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

தையல் ஓரமாக ஒழுகுகிறது

சொட்டும் இடம் வேறு, ஓட்டை வேறு என்பதை மறக்க வேண்டாம். தண்ணீர் தையல் மடிப்புக்குள் புகுந்து, மடிப்பு வழியாகவே ஓடி, தாழ்வான இடம் வந்ததும்தான் சொட்டும். என் ஜீப்பில் ஓட்டுநர் தொடையில் சொட்டிய தண்ணீர், பின் இருக்கைக்கு மேலே நுழைந்துகொண்டிருந்தது. மலை இறங்கும்போது மட்டும் சொட்டும், ஏறும்போது சொட்டாது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கும்வரை தொடை நனையும். வண்டி முன்பக்கம் சாய்ந்து இறங்குகிறது, தண்ணீரும் முன்னால் வருகிறது. இது புரிய எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது.

கண்டுபிடிக்கும் வழி: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார வேண்டும். வெளியே ஒருவர் ஹோஸ் குழாயால் கீழிருந்து மேலாக நனைக்க வேண்டும். கீழ்த் தையலில் ஐந்து நிமிடம், ஒழுகவில்லை என்றால் அதற்கு மேல் தையல், அப்புறம் அதற்கும் மேல். மேலே தொடங்கினால் எல்லாத் தையலும் ஒன்றாக நனைந்து எது குற்றவாளி என்றே தெரியாது. ஈரம் தெரிந்ததும் உள்பக்கம் பென்சிலால் வட்டம் போடுங்கள். சுண்ணக்கட்டி ஈரத்தில் கரைந்துவிடும்.

காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

மடிப்பு தப்பான பக்கம் பார்த்திருக்கலாம். நாட்டு ஓடு வேயும்போது மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் கவிந்திருக்கும் அல்லவா? துணியும் அப்படியே மேல் துண்டு கீழ் துண்டின்மேல் கவிய வேண்டும். தலைகீழாக மடித்தால் தையலே வாய்க்கால் ஆகிவிடும். ஜீப் கூரையின் குறுக்குத் தையலில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. ஓடும்போது காற்று தண்ணீரைப் பின்னால் தள்ளும், ஆகையால் முன் துண்டு பின் துண்டின்மேல் கவிய வேண்டும். ஜீன்ஸ் பேண்டின் தொடைப் பக்கத்தில் இரண்டு வரிசையாக ஓடுகிறதே, விளிம்பு இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து ஒளிந்திருக்குமே, அந்தத் தையல்தான் இதற்கு ஏற்றது. தப்பாக மடித்திருந்தால் வேறு வழியில்லை, பிரித்துத்தான் தைக்க வேண்டும். மெழுகு பூசிச் சமாளித்தால் ஒரு மாதம் வரும்.

ஊசித் துளை பெரிதாக இருக்கலாம். பருத்திக் கித்தான் நனைந்தால் இழை உப்பித் துளையை ஓரளவு அடைத்துக்கொள்ளும். புது படுதாவை முதல் முறை நனைத்துக் காயவிட்டுப் பிறகு பயன்படுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நூலுக்குப் பொருந்தாத தடித்த ஊசியால் குத்தியிருந்தால் எவ்வளவு உப்பினாலும் துளை அடையாது. செயற்கை இழைத் துணியாக இருந்தால் உப்பவே உப்பாது. இதற்குத் தேன்மெழுகு போதும். மெழுகுக் கட்டியை வெயிலில் வைத்து இளக்கி, தையல்மேல் அழுத்தித் தேய்த்து, வெந்நீர் நிறைத்த எவர்சில்வர் டம்ளரின் அடியால் அதன்மேல் நீவுங்கள். மெழுகு துளைக்குள் இறங்கும். சேர்வராயன் மலையில் தேன் எடுப்பவர்களிடம் கேட்டால் மெழுகு கிடைக்கும். தேனை வாங்கும் நாம் யாரும் மெழுகைக் கேட்பதே இல்லை.

மூன்றாவது, தையல் நெருக்கமாக விழுந்திருக்கலாம். நுணுக்கமாகத் தைத்தால் கெட்டி என்று சட்டை தைத்துப் பழகியவர்கள் நினைப்பார்கள். கித்தானில் நெருங்கிய துளைகள் தபால்தலை ஓரம் மாதிரி ஆகிவிடும், தண்ணீர் நுழையவும் வழி கூடும். இழுத்தால் அந்த வரிசையிலேயே கிழியும். நான்கு மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு ஆறு தையல், போதும்.

தையலே இல்லாத இடத்தில் ஒழுகுகிறது

மழை பெய்யும்போது கூரையின் உள்பக்கத்தை யாராவது விரலால் தொட்டார்களா என்று கேளுங்கள். நனைந்த பருத்திக் கித்தானில் தண்ணீர் இழைகளுக்கு நடுவே படலமாக நிற்கும். உள்ளிருந்து ஏதாவது தொட்டால் அந்த இடத்தில் தண்ணீர் இறங்கத் தொடங்கும். கம்பி, குடை முனை, குழந்தையின் தலை எதுவானாலும் சரிதான். துணியில் கோளாறு இல்லை, தொடாமல் இருப்பதே மருந்து.

யாரும் தொடாமலே பரவலாக ஈரம் கசிந்தால், நீர் தடுக்கும் பூச்சு போய்விட்டது என்று பொருள். ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சேம்பு இலையில் போல முத்தாக உருண்டால் பூச்சு இருக்கிறது. உடனே ஊறிக் கறுத்தால் இல்லை.

இதற்கு இரண்டு வழி. ஒன்று மெழுகு. பாரஃபினையும் தேன்மெழுகையும் சேர்த்து, கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்கிப் பூசுவது. நேரடித் தீயில் வைக்காதீர்கள், பெட்ரோல் ஊற்றி இளக்காதீர்கள், இரண்டும் வீட்டைக் கொளுத்தும். மலையிலேயே நிற்கும் உறைக்கு மெழுகு நன்றாக இருக்கிறது. ஜீப்புக்கு வேண்டாம் என்பேன். ஏப்ரலில் சேலத்தில் வெயிலில் நிறுத்தினால் மெழுகு இளகிப் பிசுபிசுத்து, அஸ்தம்பட்டிப் புழுதி முழுவதையும் வாங்கிக்கொண்டு வரும்.

இரண்டாவது, சோப்பும் படிகாரமும். பழைய முறை, செலவு குறைவு, பருத்திக்கு மட்டும் பொருந்தும். பத்து லிட்டர் வெந்நீரில் அரை கிலோ பார் சோப்பைச் சீவிக் கரைத்து, துணியை முக்கி ஊறவிட்டு, லேசாகப் பிழிந்து முக்கால் வாசி காயவிடுங்கள். பிறகு இன்னொரு பத்து லிட்டரில் அதே அளவு படிகாரம் கரைத்து அதில் முக்குங்கள். சோப்பில் உள்ள கொழுப்பு அமிலமும் படிகாரத்தில் உள்ள அலுமினியமும் சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு பொருளாக இழைக்குள்ளேயே படிந்துவிடும். துணி மூச்சும் விடும். ஆனால் சோப்பு என்றால் உண்மையான சோப்பாக இருக்க வேண்டும், டிடர்ஜென்ட் கட்டியால் ஆகாது. அந்தத் தப்பை நான் செய்து, நுரை பொங்கும் படுதா ஒன்றோடு ஒரு மழைநாள் முழுக்க ஊரைச் சுற்றியிருக்கிறேன். முதலில் ஒரு துண்டுத் துணியில் செய்து பாருங்கள், நிறம் கொஞ்சம் மாறலாம்.

ஓட்டையே இல்லை, காலையில் அடியில் ஈரம்

இது ஒழுகல் அல்ல, வியர்வை. களத்தில் பகலெல்லாம் காய்ந்த காப்பி சாயங்காலமும் சூடாக இருக்கும், அதில் இன்னும் ஈரமும் இருக்கும். பிளாஸ்டிக் தார்ப்பாயை இழுத்து மூடினால் அந்த ஆவி வெளியே போக வழியின்றி, ராக்குளிரில் தார்ப்பாயின் அடியில் முத்து முத்தாகக் கோத்து, திரும்பக் காப்பிமேலேயே விழும். ஒருமுறை காய்ந்து மறுபடி நனைந்த பார்ச்மென்ட் காப்பியில், அதாவது உள்தோல் உரிக்காத கொட்டையில், பூசணம் பிடிக்க அதிக நேரம் ஆகாது, கோப்பையில் அந்த வாடை தெரியும். 1820களில் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். இரவில் அதை எப்படி மூடுவது என்ற தலைவலியும் கூடவே வந்திருக்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? பனி மட்டும் விழும் இரவுக்குப் பருத்திக் கித்தான். மழை வரும் போலிருந்தால் கித்தானை முதலில் போட்டு, அதற்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டுக் கயிறு கட்டி அதன்மேல் பிளாஸ்டிக். இரண்டு முனையும் திறந்திருக்கட்டும். பல்பர் மெஷின் உறையிலும் இதே கதைதான், உள்ளே இரும்பு துருப்பிடித்தால் உறையைக் குறை சொல்வார்கள். உறையின் இரண்டு பக்கமும் கூரைக்குச் சற்றுக் கீழே கைப்பிடி அகலத்துக்கு ஒரு திறப்பு வைத்து, அதன்மேல் சட்டைப்பை மூடி போல ஒரு மடல் தைத்துவிடுங்கள். காற்று போகும், மழை வராது.

மெஷின் தகராறு செய்கிறது

நான் தைப்பது பழைய இரும்புத் தலை மிதி மெஷினில். நடுத்தரக் கித்தான் நான்கு மடிப்புவரை போகும். அதற்கு மேல் கோணி ஊசியும் கையும்தான். மோட்டார் போட்டால் எல்லாம் தைக்கும் என்பவர்களை நம்ப வேண்டாம். தடித்த இடத்தில் மோட்டாரை அழுத்துவதைவிடக் கைச்சக்கரத்தைக் கையால் சுற்றித் தைப்பது பாதுகாப்பு.

*தையல் விட்டு விட்டு விழுகிறது.* பத்தில் எட்டு முறை ஊசிதான். முனை மழுங்கியிருக்கும், வளைந்திருக்கும், அல்லது முழுதும் மேலே ஏறாமல் மாட்டியிருப்பீர்கள். ஊசியின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். பழைய ஊசியைக் கழற்றும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நினைவில் வைக்க எளிய குறிப்பு: ஊசியில் நீளமான பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் நூல் கோக்க வேண்டும். புது ஊசியிலும் விட்டுப்போனால், தைக்கும்போது துணி ஊசியோடு சேர்ந்து மேலே எழும்புகிறதா என்று பாருங்கள். துணி எழும்பினால் அடியில் நூல் வளையம் விழாது, அடிநூலோடு வரும் ஷட்டிலுக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் அழுத்தத்தைக் கூட்டுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் விட்டால் ஷட்டில் வந்து நூலைப் பிடிக்கும் நேரம் தப்பியிருக்கிறது, மெக்கானிக்கிடம் போங்கள்.

*மேல்நூல் அறுந்துகொண்டே இருக்கிறது.* நூலுக்கு ஊசிக்கண் பத்தவில்லை. ஒரு முழ நூலை ஊசியில் கோத்துச் சாய்வாகப் பிடியுங்கள். ஊசி தானே வழுக்கி இறங்க வேண்டும். பாதியில் நின்றால் அடுத்த பெரிய எண் ஊசி. டெக்ஸ் 70 (டெக்ஸ் என்பது நூலின் தடிமனைச் சொல்லும் எண்) பாலியஸ்டர் நூலுக்கு நான் 18ஆம் எண் ஊசி போடுகிறேன். மெழுகு பூசிய துணியில் ஊசிக்கண்ணில் மெழுகு அடைத்தும் நூல் அறும், அவ்வப்போது துணியால் துடையுங்கள்.

*அடியில் நூல் கொத்தாகக் குவிகிறது.* எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றிப் பார்ப்பார்கள். அடியில் குவிந்தால் கோளாறு மேல்நூலில். மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் வட்டுகளுக்கு நடுவில் நூல் உட்காராமல் வெளியே தொங்குகிறது. ஃபுட்டைத் தூக்கி வைத்துவிட்டு, அப்போதுதான் வட்டுகள் திறக்கும், மறுபடி முதலிலிருந்து நூலைக் கோத்துவிடுங்கள். பாபின் கேஸ் திருகைத் தொடுவது கடைசி வேலை. தொட்டால் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், முன்பு எங்கே இருந்தது என்று மறந்துபோகும்.

*மடிப்பு ஏறும் இடத்தில் நின்றுவிடுகிறது.* ஃபுட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொள்வதால் பின்பக்கம், அடியிலிருந்து துணியை நகர்த்தும் பல் துணியைப் பிடிக்கவில்லை. அதே தடிமனுக்கு மடித்த ஒரு துண்டுக் கித்தானை ஃபுட்டின் பின்பக்கம் சொருகிச் சமன் செய்யுங்கள். மடிப்பை முதலில் மரச்சுத்தியால் தட்டி நசுக்கினால் இன்னும் சுலபம்.

ஐலெட் பிய்ந்து வருகிறது

கட்டும் கயிறு நுழையத் துணியில் அடிக்கும் உலோக வளையம்தான் ஐலெட். அது மழையில் பிய்ந்ததா, காற்றில் பிய்ந்ததா? மழையில் என்றால் கயிற்றைப் பாருங்கள். பருத்தி, சணல் கயிறுகள் நனைந்தால் சுருங்கி இறுகும். கித்தானும் நனைந்து இறுகும். காய்ந்த வெயிலில் விறைப்பாகக் கட்டிய படுதா, ராத்திரி மழையில் தன்னைத் தானே பிய்த்துக்கொள்ளும். கட்டும்போதே கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

காற்றில் என்றால், ஒவ்வொரு அடியையும் நேராக ஐலெட் வாங்குகிறது. லாரிக்காரர்கள் பழைய டியூபைப் பட்டையாக வெட்டிக் கயிற்றுக்கு நடுவில் கட்டுவது இதற்காகத்தான். காற்று அடிக்கும்போது ரப்பர் நீளும், துணி பிழைக்கும். சைக்கிள் டியூப் ஒன்றில் ஒரு படுதாவுக்கு வேண்டிய பட்டை தேறும்.

இரண்டும் இல்லை என்றால் ஐலெட் போட்ட விதம் தப்பு. ஒற்றைத் துணியில் போட்ட ஐலெட் நிற்காது. ஓர மடிப்பு, அதற்குள் ஒரு ஒட்டு என்று குறைந்தது மூன்று அடுக்கு வேண்டும். துளையை ஐலெட் கழுத்தைவிடச் சிறிதாக வெட்டி, கழுத்தை முறுக்கி நுழைக்க வேண்டும். இரும்பு ஐலெட் வேண்டவே வேண்டாம், அதன் துரு பருத்தியை அரிக்கும். பித்தளை வாங்குங்கள். அதிக இழுப்பு வாங்கும் நான்கு மூலைகளில் மட்டும் நான் அடிக்கும் ஐலெட்டை நம்புவதில்லை. பித்தளை வளையம் ஒன்றை வைத்து, மெழுகு தேய்த்த இரட்டை நூலால் சுற்றிலும் நெருக்கமாகக் கையால் தைத்துவிடுகிறேன். படகுப் பாய் தைப்பவர்களின் பழைய வழக்கம் அது. ஒரு மூலைக்கு அரைமணி நேரம் பிடிக்கும். இதுவரை ஒன்றுகூடப் பிய்ந்ததில்லை.

கூரையில் குளம் கட்டுகிறது

நான்கடிக்கு மூன்றடிப் பள்ளத்தில் சராசரி இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால், அது ஐம்பது கிலோவுக்கு மேல். ஒரு சிமெண்ட் மூட்டையைப் படுதாவின் நடுவில் வைத்தது போல. துணி தொய்ந்து பள்ளம் பெரிதாகும், பள்ளம் பெரிதானால் இன்னும் தண்ணீர் நிற்கும்.

இழுத்து இறுக்கிக் கட்டுவது இதற்குத் தீர்வல்ல. சரிவுதான் தீர்வு. களத்துத் தார்ப்பாய்க்கு நடுவில் ஒரு மூங்கில் முட்டு, அதன் தலையில் துணிப்பந்து. ஜீப்புக்கு, இரண்டு வளைவுக் கம்பிகளுக்கு நடுவே நீளவாக்கில் மூன்று நாடாப் பட்டைகளை இழுத்துக் கட்டி அதன்மேல் படுதா.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்கிறது

பெரியவரின் போல்ட் கதையை மேலேயே சொல்லிவிட்டேன். ராவ முடியாத கம்பி என்றால் அதன்மேல் டியூப் ரப்பரைச் சுற்றுங்கள். படுதாவின் உள்பக்கம் உள்ளங்கை அளவு தோல் ஒட்டு தையுங்கள். செருப்புத் தைப்பவரிடம் மிச்சத்தோல் கிடைக்கும்.

கிழிந்துவிட்டது

நேர்க்கோட்டுக் கிழிசல், விரல் நீளத்துக்குள் என்றால் ஒட்டு வேண்டாம். கோணி ஊசியில் மெழுகு தேய்த்த நூலைக் கோத்து, ஒரு குத்து இந்தப் பக்கம், ஒரு குத்து அந்தப் பக்கம் என்று மீன்முள் மாதிரி குறுக்காக இழுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு குத்தும் விளிம்பிலிருந்து வேறு வேறு தூரத்தில் விழட்டும். எல்லாம் ஒரே இழையில் விழுந்தால் அந்த இழை அறுந்து தையல் மொத்தமும் வழுகும். விளிம்புகள் ஒட்டி நின்றால் போதும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் சுற்றியுள்ள துணி சுருங்கிக் காற்றுக்குக் கைப்பிடி கொடுக்கும்.

மூலை திரும்பி "ட" போலக் கிழிந்தால் ஒட்டு வேண்டும். ஒட்டு கிழிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக, மூலைகள் வட்டமாக இருக்கட்டும். கூர் மூலையில்தான் முதலில் உரியும். ஒட்டின் பாவு படுதாவின் பாவோடு ஒரே திசையில் ஓட வேண்டும். நெசவுக்காரர் நிறைந்த ஊரில் இதைச் சொல்ல வேண்டியதில்லைதான், ஆனாலும் அவசரத்தில் கைக்கு வந்த துண்டைத் திருப்பி வைத்துத் தைத்துவிடுகிறோம். மழையில் இரண்டும் இரண்டு பக்கமாகச் சுருங்கி ஒட்டைச் சுற்றிக் கொசுவம் விழும். புதுத் துணியாக இருந்தால் ஒட்டையும் நனைத்துக் காயவைத்த பிறகுதான் தைக்க வேண்டும். முதலில் ஒட்டின் விளிம்பைத் தைத்து, அப்புறம் திருப்பிப்போட்டு, கிழிசலின் விளிம்பை உள்ளே மடித்து ஒட்டோடு சேர்த்து இன்னொரு சுற்று.

பிளாஸ்டிக் தார்ப்பாய் கிழிந்தால் மெஷினில் வைக்காதீர்கள். ஊசி போன ஒவ்வொரு இடமும் புதுக் கிழிசலுக்குத் தொடக்கம். இரண்டு பக்கமும் தார்ப்பாய் டேப் ஒட்டி, அந்த ஆண்டை ஓட்டுங்கள்.

முதல் மழையிலேயே சுருங்கி, பட்டன் எட்டவில்லை

துணியை நனைக்காமல் வெட்டிவிட்டீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஆறடிக் கூரை இரண்டு அங்குலத்துக்கு மேல் உள்ளே போய், பின்பக்கப் பிரஸ் பட்டன் ஒன்றுகூட அதன் இடத்தில் உட்காரவில்லை. ஈரமாக இருக்கும்போது இழுத்துக் கட்டிக் காயவைத்தால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், முழுதும் கிடைக்காது. பட்டன் ஓரத்தில் ஒரு பட்டைத் துணி சேர்த்துத் தைப்பதுதான் வழி. பார்க்க அழகாக இருக்காது. என் ஜீப்பில் அந்தப் பட்டை வேறு பச்சையில் இன்னும் இருக்கிறது. அடுத்த முறை துணியை வாங்கிய அன்றே தொட்டியில் ஊறப்போட்டு, காயவைத்து, அப்புறம் கத்தரியைத் தேடுங்கள்.

கரும்புள்ளி, பூசணவாடை

ஈரத்தோடு மடித்து வைத்ததன் பலன். பருத்தியைப் பூசணம் உணவாகத் தின்னும். செயற்கைத் துணியைத் தின்னாது, அதன்மேல் படிந்த அழுக்கைத் தின்னும். வெளியே கொண்டுபோய், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலேயே பிரஷ்ஷால் தட்டித் துடையுங்கள். பிறகு வினிகரும் தண்ணீரும் கலந்து தடவி, நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் காயட்டும். புள்ளியின் கறை போகாது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கறையைப் போக்க பிளீச்சிங் பவுடர் போட்டால் கறையோடு துணியின் பலமும் பூச்சும் போகும். முடிந்ததும் தண்ணீர் முத்துச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள், பெரும்பாலும் புதிதாகப் பூச்சு கொடுக்க வேண்டியிருக்கும்.

பிளாஸ்டிக் ஜன்னல், ஜிப்

ஜன்னல் பிளாஸ்டிக் மங்கியதற்குப் பாதிக் காரணம் காய்ந்த துணியால் துடைப்பது. புழுதிதான் உப்புத்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், மண்ணெண்ணெய், தின்னர் கிட்டே போகக்கூடாது. மடிக்காமல் சுருட்டுங்கள். டிசம்பர் காலையில் விறைத்திருக்கும்போது சுருட்டினால் விரிசல் விடும், வெயில் ஏறட்டும். புதிதாகத் தைக்கும்போது ஃபுட் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு நகராது. நடுவில் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்துத் தைத்துவிட்டு, பிறகு கிழித்து எடுத்துவிடலாம்.

ஜிப் இறுகினால் மெழுகுவர்த்தியைப் பல்மேல் தேயுங்கள். மூடிய பிறகு பின்னால் பிளந்துகொண்டு வந்தால் பல் கெடவில்லை, ஸ்லைடர் அகன்றுவிட்டது. குறட்டால் இரண்டு ஓரத்தையும் சமமாக, மிக லேசாக நெருக்குங்கள். ஒரே அழுத்தில் உடைந்துவிடும், அப்படி உடைந்தால் ஸ்லைடரை மட்டும் மாற்றினால் போதும், முழு ஜிப்பையும் பிரிக்க வேண்டாம். என் ஜீப்பின் இடப்பக்க ஜிப் புதுஸ்லைடரில் ஓடுகிறது, வலப்பக்கம் இன்னும் மெழுகுவர்த்தியில்தான் ஓடுகிறது.